எர்மெலிந்தா விற்ற நிமிடங்கள்

எர்மெலிந்தா சுல்கா காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் தன் மூலைக்கு வந்துவிடுவாள். மூலை என்றால் மேம்பாலத்துத் தூணும் டயர் கடையும் சந்திக்கிற இடம். கையில் ஒரு அட்டை, அதில் கிளிப் போட்ட நோட்டு, காதில் பென்சில், இடது மணிக்கட்டில் கண்ணாடி கீறிப்போன கடிகாரம். பச்சைக்கோடு பஸ் ஒன்று வரும். முழுசாக நிற்காது, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஓட்டுநர் ஜன்னல் வழியாகப் புருவத்தைத் தூக்குவார். "ஏழு!" என்று இவள் கத்துவாள். இதே கோட்டில் முன்னால் போன பஸ் இந்த மூலையைத் தாண்டி ஏழு நிமிடம் ஆகிறது என்று அர்த்தம். கண்டக்டர் ஒரு சில்லறையை எறிவார், எர்மெலிந்தா ஒற்றைக் கையால் பிடிப்பாள். இந்த வேலை பார்க்கிற பெண்ணை எங்கள் லீமாவில் தத்தேரா என்போம்.

அந்த ஒரு எண்ணுக்காக ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் பச்சைக்கோட்டில் ஏறியிருக்க மாட்டார்கள். நிறம் ஒன்று, கம்பெனி ஒன்று, ஆனால் ஏற்றிய ஆளுக்குத் தகுந்தாற்போலத்தான் கூலி. அதனால் முன்னால் போகிற பச்சை பஸ்தான் பின்னால் வருகிற பச்சை பஸ்ஸுக்கு முதல் எதிரி. "ரெண்டு" என்று சொன்னால், முன்னால் போகிறவன் ஜனங்களை வழித்துத் துடைத்துவிட்டுப் போகிறான் என்று அர்த்தம். விரட்டிப் பிடித்து அவனை முந்தினால்தான் சோறு. "பதினொண்ணு" என்று சொன்னால் வழியெல்லாம் ஆள் நிற்கும், மாட்டு வண்டி மாதிரி உருட்டிக்கொண்டு போய் ஒவ்வொருவராகப் பொறுக்கிக்கொள்ளலாம். முன்னால் போகிறவனுக்கே போன் போட்டு "எங்கப்பா இருக்கே?" என்று கேட்டால் அவன் நிஜத்தைச் சொல்வானா என்ன? எர்மெலிந்தா சொல்வாள். பதினான்கு வருஷமாக அவள் ஒரு நிமிடம் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. அவளுடைய சொத்து அதுதான்.

அவள் வாந்தா என்கிற மலையூர்ப் பெண். நாலாம் வகுப்புவரை படித்தாள். பதினைந்து வயதில் லீமாவுக்கு வந்து ஒரு பல் டாக்டர் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள், பிறகு பஸ்ஸில் ஏறி மிட்டாய் விற்றாள், ஒரு தச்சனைக் கட்டிக்கொண்டாள், அவன் தெற்கே சுரங்க வேலைக்குப் போனவன் போனவன்தான். எண்கள் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ஐந்து ஐம்பத்தெட்டுக்கும் ஆறு ஏழுக்கும் நடுவே எத்தனை என்று நாம் விரலை மடக்குவதற்குள் "ஒம்போது" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பார்ப்பாள். குன்றின் மேலிருக்கிற அவள் வீட்டுக்கு இருநூற்றுப் பதினாறு படி. அதில் எண்பத்தேழாவது படி உடைந்தது என்பது அவளுக்குத் தெரியும், மாநகராட்சிக்குத் தெரியாது. பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்து ஷேர் காரில் ஏறுகிறவர்களையும் நோட்டின் ஓரத்தில் ஐந்தைந்தாகக் கோடு போட்டு வைப்பாள். யாரும் கேட்கவில்லை, காசும் கிடையாது. "சும்மா இருக்கற கைய வெச்சுகிட்டு என்ன பண்றது?" என்பாள்.

மகள் யாதிராவுக்கு இருபத்தொரு வயது. ஏப்ரல் மாதம் அவள் பச்சைக்கோட்டிலேயே கண்டக்டராகச் சேர்ந்தாள், அதுவும் வில்மெர் ஓட்டுகிற வண்டியில். வில்மெர் நல்ல பையன்தான், இருபத்தெட்டு வயது, சிரித்த முகம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் பேய் பிடிக்கும். யாதிரா வாசல் கம்பியை ஒரு கையால் பிடித்து, பாதி உடம்பு வெளியே தொங்க, "ஏறு ஏறு ஏறு! உள்ள போ, உள்ள எடமிருக்கு! எறங்கறவங்க வலது கால வையி!" என்று கத்திக்கொண்டு போவாள். நல்ல குரல், மூன்று தெருவுக்குக் கேட்கும். ஒரு நாளைக்கு எட்டு தடவை எர்மெலிந்தா அந்தக் குரலைக் கேட்பாள். எட்டு தடவையும் அவள் கண் முதலில் கம்பியைப் பிடித்திருக்கிற அந்தக் கைக்குத்தான் போகும்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. செனோன் ஓரே என்ற மூத்த ஓட்டுநர் மூலையைத் தாண்டி இரண்டு நிமிடத்தில் வில்மெர் வந்தான். "எவ்ளோக்கா?" என்றான். "ரெண்டு" என்றாள், பதினான்கு வருஷப் பழக்கம். வில்மெர் பறந்தான். அடுத்த சிக்னலுக்குள் செனோனை எட்டிப்பிடித்து இடப்பக்கமாக முந்தினான், எங்கள் ஊரில் பஸ் வாசல் வலப்பக்கம். இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்ததோ இல்லையோ. செனோன் வண்டிக் கண்ணாடி யாதிராவின் தோளில் பட்டுத் தெறித்தது. சட்டை கிழிந்தது, தோள்முதல் முழங்கைவரை தோல் உரிந்தது. எலும்பில் அடியில்லை. கடவுள் அன்றைக்கு மட்டும் விழித்திருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வீட்டில் மகளின் கையில் மருந்து தடவிக்கொண்டே எர்மெலிந்தா வெடித்தாள்.

"நாளைலேருந்து நீ போவாத. அந்தப் பைத்தியக்காரன் கூட சேந்து நீயும் சாவணுமா?"

"அவன் என்ன பண்ணுவான்? முந்தலன்னா பஸ்ஸு காலியா போவும்."

"முந்தறவன் மொகரையில மண்ணு விழ."

"ம்மா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. அவனுக்கு 'ரெண்டு'ன்னு சொன்னது யாரு?"

எர்மெலிந்தாவின் கை அப்படியே நின்றது.

"நீ நம்பரு குடுக்கற. அந்த நம்பர வெச்சிதான் எல்லாரும் வெரட்டறானுங்க. நீ தீக்குச்சி கிழிச்சுக் குடுத்துட்டு என்னெ மட்டும் எறங்குன்னா எப்டிம்மா?"

பெற்ற மகளிடம் இப்படி வாங்கிக்கட்டிக்கொண்டால் யாருக்கும் ஆத்திரம் வரும். எர்மெலிந்தாவுக்கு வந்தது அழுகை. மகள் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய நோட்டுகளைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். காலை நேரத்தில் மணிக்குப் பத்து பஸ், அப்படியென்றால் ஆறு நிமிடத்துக்கு ஒன்று. டிப்போவிலிருந்து ஆறாறாகத்தான் புறப்படுகின்றன. அவள் மூலைக்கு வரும்போது பதினொன்று, ஒன்று, பத்து, இரண்டு என்று ஜோடி ஜோடியாக வருகின்றன. ஏன்? இடைவெளி சின்னதாக இருக்கிறவன் அவள் பேச்சைக் கேட்டு விரட்டுகிறான், இடைவெளி இன்னும் சின்னதாகிறது. பெரிதாக இருக்கிறவன் அவள் பேச்சைக் கேட்டு உருட்டுகிறான், இன்னும் பெரிதாகிறது. அவள் சொன்ன நிஜம் ஒவ்வொன்றும் எரிகிற நெருப்பில் எண்ணெய். பதினான்கு வருஷ எண்ணெய்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. விரட்டுகிறவனை உருட்ட வைத்து, உருட்டுகிறவனை விரட்ட வைத்தால்? அதற்கு எண்ணைத் திருப்பிச் சொன்னால் போதும். பன்னிரண்டிலிருந்து கழி. நிஜம் இரண்டு என்றால் பத்து என்று சொல், அவன் மெதுவாகப் போவான், முன்னால் போகிறவனிடமிருந்து விலகுவான். நிஜம் பத்து என்றால் இரண்டு என்று சொல், அவன் ஓடுவான், இடைவெளி சுருங்கும். நிஜம் ஆறு என்றால் பன்னிரண்டில் ஆறு போக ஆறு, பொய்யே வேண்டாம். இவ்வளவு சுளுவான கழித்தலா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே பயமும் வந்தது. தத்தேரா பொய் சொல்வதென்றால் பால்காரி தண்ணீர் ஊற்றுவது மாதிரி, ஒரு தடவை தெரிந்தால் போதும்.

மகளின் தோளை நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலையில் முதல் பொய்யைச் சொன்னாள். "பத்து!" என்று கத்தும்போது குரல் உடைந்துவிட்டது, ஓட்டுநர் கவனிக்கவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எர்மெலிந்தாவின் புளுகு இருபது நாள் ஓடியது. லீமாவின் குளிர்காலம் அவளுக்குக் கூட்டாளி, தூறலா பனியா என்று சொல்ல முடியாத அந்த ஈரத்தில் நூறு அடிக்கு மேல் எதுவும் தெரியாது. முதல் வாரத்திலேயே ஜோடி வண்டிகள் பிரிய ஆரம்பித்தன. இரண்டாவது வாரத்தில் ஐந்து, ஏழு, ஆறு, ஐந்து. மூன்றாவது வாரத்தில் அவள் பொய் சொல்ல வேண்டிய அவசியமே குறைந்துபோயிற்று, வருகிற வண்டியெல்லாம் ஆறையொட்டியே வந்தது. யாதிரா தொங்கிக்கொண்டு வருவதை விட்டுப் படியில் நின்றுகொண்டு வந்தாள். "வில்மெர் திருந்திட்டாம்மா" என்றாள். ஓட்டுநர்கள் எல்லோருமே தாங்கள்தான் திருந்தியதாக நினைத்துக்கொண்டார்கள். கூட்டம் கூடியிருக்கிறது, அதற்குத் தங்கள் கைராசிதான் காரணம் என்று ஒவ்வொருவனும் தனித்தனியாகப் பீற்றிக்கொண்டான்.

இருபத்தொன்றாம் நாள் வெயில் அடித்தது. ஆகஸ்ட் மாதத்தில் லீமாவில் வெயில் அடிப்பதே ஒரு செய்தி. அன்றைக்கென்று பார்த்து ஒரு பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றுவிட, அதற்கு அடுத்து வந்த செனோனுக்கு முன்னால் பதினொரு நிமிடம் வெறுமை. பன்னிரண்டில் பதினொன்று போனால் ஒன்று. கணக்குச் சரி. "ஒண்ணு!" என்று கத்தினாள்.

செனோன் நிமிர்ந்து சாலையைப் பார்த்தார். நூல் பிடித்தாற்போல் நேரான சாலை, அடுத்த சிக்னலும் அதற்கடுத்த சிக்னலும் பளிச்சென்று தெரிந்தன. ஒரு நிமிடத்துக்கு முன் போன பஸ் கண்ணில் பட்டே ஆகவேண்டும். எங்கும் பச்சை இல்லை. எர்மெலிந்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவருக்கு வார லீவு. மூலைக்கு எதிரே மூலிகைப் பானம் விற்கிற வண்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூன்று கிளாஸ் குடித்து, ஒரு மணி நேரம் தன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சாலையைத் தாண்டி வந்தார்.

"இந்தாம்மா எர்மெலிந்தா. இப்ப போனானே, அவனுக்கு என்ன சொன்ன?"

"எட்டு."

"நான் பாத்தது நாலு."

அவள் நோட்டை மூடினாள்.

"அதுக்கு முன்னாடி ஒம்போது நிமிஷம். நீ மூணுன்ன. பதினாலு வருஷம் உன் வாயி கோயில் மணின்னு நெனச்சிட்டிருந்தேன். எவன் கிட்ட காசு வாங்கின? யாருக்காக எங்கள ஆட்டி வெக்கற?"

"யாருகிட்டயும் வாங்கலண்ணே."

"அப்ப காசு வாங்காமயே பொய் சொல்றியா? அது அதவிட மோசம் தாயி."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று சும்மாவா சொன்னார்கள். மறுநாளிலிருந்து பச்சைக்கோடு எர்மெலிந்தாவிடம் வேகம் குறைக்கவில்லை. ஒருவனும் புருவம் தூக்கவில்லை. ஒரு கண்டக்டர் பையன் மட்டும் "மணி என்னக்கா, நாளைக்கா நேத்தா?" என்று கத்திவிட்டுப் போனான். அவளுடைய எண் இல்லாத ஓட்டுநர்கள் குத்துமதிப்பில் விரட்ட ஆரம்பித்தார்கள், நான்கு நாளில் வண்டிகள் மறுபடியும் ஜோடி சேர்ந்தன. யாதிரா மறுபடியும் வாசலில் தொங்கிக்கொண்டு போனாள். அம்மா நின்ற பக்கம் திரும்பவில்லை. வீட்டிலும் பேச்சில்லை.

ஐந்தாம் நாள் எர்மெலிந்தா வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, மூன்று நோட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கோடு முடிகிற இடத்துக்கே போனாள். மத்தியானம் ஒரு மணி. ஓட்டுநர்கள் சாப்பிடுகிற கடையில் சூப்பும் பீன்ஸும் சோறும் மணத்தன. செனோன், வில்மெர், யாதிரா, இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவள் நுழைந்ததும் கரண்டிச் சத்தம் நின்றது.

"மன்னிப்பு கேக்க வந்தியாக்கும்" என்றார் செனோன்.

"அதுக்குந்தான். அதுக்கு முன்னாடி ஒரு கணக்கு காட்டறேன். பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

மேஜையில் ஒரு தட்டு நிறைய வறுத்த சோளம் இருந்தது. அதிலிருந்து பன்னிரண்டு மணியை எண்ணி வரிசையாக வைத்தாள்.

"நிமிஷத்துக்கு ஒரு ஆளு வர்றாங்கன்னு வெச்சுக்குங்க. பன்னெண்டு நிமிஷம், பன்னெண்டு ஆளு, ரெண்டு பஸ்ஸு." இரண்டு பாட்டில் மூடிகளை எடுத்தாள். "நீங்க வர்ற மாதிரி ஜோடியா வாங்க. முன்னாடி பதினோரு நிமிஷம் காலி, அப்புறம் ஒரு பஸ்ஸு, ஒரு நிமிஷத்துல இன்னொண்ணு. நம்ம ஊருல எவன் அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிப்பான்?"

"என் மாமியாரே நிக்கமாட்டா" என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப மொதல்ல வந்த அஞ்சு பேரு என்ன பண்ணுவாங்க?" முதல் ஐந்து சோளத்தையும் எடுத்துச் செனோன் முன்னால் தள்ளினாள். "ஷேர் கார்ல போயிட்டாங்க. மிச்சம் ஏழு பேருக்குத்தான் நீங்க ரெண்டு பேரும் சாவறீங்க." பிறகு ஐந்தையும் திரும்ப வைத்து, மூடிகளில் ஒன்றை நடுவிலும் ஒன்றைக் கடைசியிலும் வைத்தாள். "இப்ப ஆறுக்கு ஆறு. அஞ்சுக்கு மேல காத்திருக்கறவன் யாராச்சும் இருக்கானா, தேடிப் பாருங்க."

வில்மெர் குனிந்து விரல் வைத்து எண்ணினான். முதல் சோளத்திலிருந்து மூடிவரை. "ஐயோ, ஒருத்தன்கூட இல்ல" என்றான்.

நோட்டைத் திறந்து ஐந்தைந்து கோடுகளைக் காட்டினாள். நிஜம் சொன்ன கடைசி வாரம், காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை, அவள் மூலையில் மட்டும் ஷேர் கார் ஏறியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பொய் சொன்ன மூன்றாவது வாரம், நூற்று அறுபத்தேழு.

ஒருவன் தன் கைராசியைப் பற்றிப் போன வாரம் பேசியதையெல்லாம் நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது, தலையைக் குனிந்துகொண்டான். செனோன் மட்டும் அசையவில்லை.

"கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கள கழுதையா நெனச்ச பாரு, அது நல்லால்ல. கழுதை மூக்குக்கு முன்னாடி கேரட்ட ஆட்டற மாதிரி ஆட்டிட்ட. இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களாண்ணே?"

"கேட்டிருக்க மாட்டோம்" என்று செனோனே ஒப்புக்கொண்டார். "ஆனா சொல்லியிருக்கணும்."

எர்மெலிந்தா மகள் பக்கம் திரும்பினாள். "நெஜம் என்னன்னா, உங்க கூலிக்காக நான் இத பண்ணல. இவ தோளுக்காகப் பண்ணேன். நான் குடுத்த நம்பருலதான் இவ அடிபட்டா. இவ செத்திருந்தா நான் என்னான்னு சொல்லி அழுவேன், 'ரெண்டு'ன்னா?"

யாதிரா எழுந்து வந்தாள். கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் பிடித்துக்கொள்ளவில்லை. "என்கிட்டயும் இருவது நாளு பொய்தானம்மா சொன்ன" என்றாள். "இனிமே நெஜத்த சொல்லு. என் வண்டின்னாலும் நெஜத்தையே சொல்லு. அத வெச்சு என்ன பண்றதுன்னு நாங்க பாத்துக்கறோம்."

செனோன் வரிசையின் முதல் ஐந்து சோள மணியையும் எடுத்து வாயில் போட்டு மென்றார். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு இருபதுக்குச் செனோன் வண்டி வந்தது. மீன்கூடைக்காரிகள் இரண்டு பேரை ஏற்றியதில் தாமதமாகியிருந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. வேகம் குறைந்தது, புருவம் உயர்ந்தது. "பத்து!" என்றாள் எர்மெலிந்தா. நிஜமான பத்து. சில்லறை பறந்து வந்தது. செனோன் பழையபடி உருட்டவில்லை, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்காமல் நேராக விரட்டிக்கொண்டு போனார்.

இரண்டே நிமிடம்தான் ஆகியிருந்தது, அதற்குள் அந்தக் குரல் கேட்டது. "ஏறு ஏறு ஏறு! உள்ள எடமிருக்கு!" வில்மெரின் வண்டி. யாதிரா வாசலில் தொங்கிக்கொண்டு வந்தாள். அடுத்த சிக்னலில் மாட்டிய செனோன் வண்டியின் பின்பக்கம் பச்சையாகத் தெரிந்தது.

"எவ்ளோக்கா?" என்றான் வில்மெர்.

பத்து என்று சொல்லிவிட்டால் போதும். எர்மெலிந்தாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகளைப் பார்த்தாள். மகள் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு" என்றாள்.

வில்மெரின் கை கியருக்குப் போனது. செனோன் வண்டியைப் பார்த்தான், சிக்னலைப் பார்த்தான். அவன் முகத்தில் அந்தப் பழைய பேய் எட்டிப்பார்த்ததை எர்மெலிந்தா கண்டாள். யாதிரா உள்ளங்கையால் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"நிறுத்து வாத்தியாரே. நாலு நிமிஷம்."

"ஏய், அவன் அங்கதான்டி இருக்கான், புடிச்சுடலாம்."

"நிறுத்துன்னா நிறுத்து. பன்னெண்டு சோளத்த மறந்துட்டியா?"

வில்மெர் ஸ்டியரிங்கில் ஒரு குத்து விட்டான். பிறகு இன்ஜினை அணைத்தான். உள்ளே இருந்தவர்கள் "கெளம்புய்யா, ஆபீசுக்கு லேட்டாவுது!" என்று கால்களைத் தரையில் தட்டினார்கள். யாதிரா படியிலிருந்து குதித்து வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் கூவி அழைத்தாள். ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஏறினார், வெல்டர் ஒருவர் ஏறினார், ஷேர் காருக்குக் கை நீட்டிய மூன்று பேர் கையை மடக்கிக்கொண்டு வந்து ஏறினார்கள். நடுநடுவே அவள் தோள் அம்மாவின் தோளில் உரசியது. புண் ஆறி இளஞ்சிவப்பாகத் தோல் மூடியிருந்தது. எர்மெலிந்தா நகர்ந்து இடம் விடவில்லை.

"எவ்ளோம்மா ஆச்சு?" என்று கேட்டாள் யாதிரா.

இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு என்று சொன்னால் மகள் இன்னும் ரெண்டு நிமிடம் பக்கத்தில் நிற்பாள். எர்மெலிந்தா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு ஆயிடுச்சு" என்றாள். "கெளம்பு."